ஏழாம் நம்பர் வண்டியில் ஊழியர் செய்தி

நகராட்சி அலுவலகத்தில் அவளுடைய பதவிக்கு ஒரு நீளமான பெயர் உண்டு: ஊழியர் தகவல் மற்றும் உதவிப் பிரிவின் முதுநிலை எழுத்தர். அந்தப் பிரிவில் மொத்தம் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், எழுந்து நின்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்து, "ஒருத்தி" என்பாள். மேசைமேல் இருந்த பெயர்ப்பலகையை யாரும் படித்ததில்லை. வாசல் காவலாளியிலிருந்து தெருவிளக்கு மாட்டுகிறவர்கள் வரை எல்லோருக்கும் அவள் செய்தியக்காதான்.

விடுப்பு விதி மாறினாலும், சீருடை வந்தாலும், பயிற்சிக்கு ஆள் எடுத்தாலும், அதை ஊழியர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. வேறு யார் கையில் கொடுத்திருந்தாலும் கொட்டாவி வருகிற வேலைதான். அவளுக்கோ புதுக் கையுறை வந்திருக்கிறது என்ற சுற்றறிக்கை மேசைக்கு வந்தாலே போதும், கால் தரையில் பாவாது. கையிலிருக்கும் தேநீரை அப்படியே வைத்துவிட்டு மாடிக்கும் கீழுக்குமாக ஓடுவாள். "கையுறைக்கே இவ்வளவு துள்ளுறீங்களே, சம்பளம் கூடினா என்னக்கா பண்ணுவீங்க?" என்று கணக்குப் பிரிவில் கேலி பண்ணுவார்கள். "முதல்ல கூட்டச் சொல்லு, அப்புறம் பாரு" என்பாள்.

அவள் கணவர் லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். நாள் முழுக்க இரும்புச் சத்தத்தில் நின்றதாலோ என்னவோ, வீட்டில் பேச்சைச் சிக்கனமாகத்தான் செலவழிப்பார். "உன் பேச்சைக் கேக்க ஆள் வேணும்னுதான் கவர்மெண்ட்டே உனக்கு ஒரு வேலை போட்டுக் குடுத்திருக்கு" என்பது அவர் கல்யாணமான காலத்திலிருந்து சொல்லிய மிக நீளமான வாக்கியம். கல்லூரியில் படிக்கும் மகளுக்கு அப்பாவின் பொறுமையும் அம்மாவின் வாயும் சேர்ந்து வாய்த்திருந்தன. அம்மாவின் தொழிலுக்கு அவள்தான் ஒலிப்பதிவு நிபுணர்.

ஒலிப்பதிவு என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துவிட வேண்டாம். வெளிவேலை ஊழியர்கள் யாரும் அறிவிப்புப் பலகைப் பக்கம் வருவதில்லை. விடிவதற்குள் வண்டி ஷெட்டுக்கு வருவார்கள், அங்கிருந்து தெருவுக்குப் போவார்கள், வேலை முடிந்தால் வீட்டுக்கு. அவர்களுக்குச் செய்தி எப்படிப் போய்ச் சேரும்? ஷெட்டில் ஒலிபெருக்கி எதுவும் கிடையாது, ஆனால் குப்பை வண்டிகளின் தலையில் இருக்கிறது. அதிலும் ஏழாம் நம்பர் வண்டியின் ஒலிபெருக்கி இருக்கிறதே, அது பேசினால் பக்கத்துத் தெருவில் தூங்குகிறவர் எழுந்து உட்காருவார். அதனால் வாராவாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செய்தியக்கா கட்டிலில் உட்கார்ந்து, பஸ் ஹாரன் கேட்காமலிருக்கப் போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு, மகளின் போனில் பேசுவாள். மகள் அதை ஒரு சிவப்புப் பென்டிரைவில் ஏற்றித் தருவாள். புதன் காலையில் ஏழாம் நம்பர் டிரைவர் அதை வண்டியில் செருகுவார். எல்லோரும் தேநீர்க் குவளையோடு வண்டியைச் சுற்றி நின்று கேட்பார்கள். கேட்டு முடித்ததும் சிவப்பை உருவிவிட்டு, பொதுமக்கள் குப்பையைப் பிரித்துக் கொடுக்கவும் என்று இசையோடு கெஞ்சுகிற கறுப்புப் பென்டிரைவைச் செருகிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான், குழந்தைகூடத் தப்பு பண்ணாது.

அந்த வாரம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணம் விசில்.

விசில் ஒரு பெண்ணின் பட்டப்பெயர். துப்புரவுப் பிரிவில் வெகுகாலம் வேலை பார்த்தவள். வண்டிகளுக்கு ஒலிபெருக்கி வராத நாட்களில் தெருமுனையில் நின்று விசில் ஊதி ஊரையே குப்பைக்கூடையோடு வெளியே கொண்டுவந்தவள். ஊர் அவளை அப்படியே கூப்பிட, அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள். பெருக்கிப் பெருக்கித் தூசியெல்லாம் நெஞ்சில் இறங்கி, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் விடுப்பில் போனாள். கணவனும் போய்ச் சேர்ந்த பிறகு குடியிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். தங்கை வீடு எங்கே என்று கேட்டால் ஆளாளுக்கு உதட்டைப் பிதுக்கினார்கள். அவள் போன் அணைந்தே கிடந்தது.

இந்த நேரத்தில்தான் புது விதி வந்தது. வேலையால் உடம்பு கெட்டு நீண்ட விடுப்பில் இருக்கிறவர்கள் புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நேரில் வந்து விரல் ரேகை வைத்தால், உட்கார்ந்து செய்கிற இலகு வேலை கொடுப்பார்கள். வராதவர்களின் பெயரைக் கணினியே எடுத்துவிடும். அதற்கப்புறம் யார் காலில் விழுந்தாலும் வேலை திரும்பாது, ஓய்வூதியமும் இல்லை. சுற்றறிக்கையைப் படித்ததும் செய்தியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு விதி வரவேண்டும் என்று மேலே எத்தனை முறை எழுதிப் போட்டிருப்பாள். வந்துவிட்டது. ஆனால் யாருக்காக எழுதினாளோ அந்த ஆளைக் காணோம். பழைய வீட்டுக்காரர், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை என்று அலுவலகம் விட்டதும் தேடி அலைந்தாள். எங்கும் துப்புக் கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை போர்வைக்குள் இருந்துகொண்டு அவள் பேசியது இதுதான்:

"வணக்கம், ஊழியர் செய்தி. ஸ்டோர்ல புதுக் கையுறை வந்திருக்கு. போன தடவ மாதிரி ரெண்டு ஜோடி எடுத்துட்டுப் போய் வீட்டுல பாத்திரம் கழுவக் குடுக்காதீங்க, யாருன்னு எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கண் பரிசோதனை. கண்ணாடி போட்டா வயசாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, கம்பத்துல வண்டிய மோதினாதான் அசிங்கம். அடுத்து, இனிமே எல்லாச் செய்தியும் ஆப்ல வரும்னு மேல சொல்லியிருக்காங்க. அந்த ஆப் யாருக்காவது திறந்தா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க. அது பாஸ்வேர்ட் கேக்குது, பாஸ்வேர்ட் மெயில்ல இருக்குங்குது, மெயிலைத் திறக்கப் போனா அங்கயும் பாஸ்வேர்ட் கேக்குது."

இங்கே மகள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். செய்தியக்காவின் குரல் மாறியது.

"கடைசியா ஒண்ணு. விசில், நீ எங்க இருக்கேன்னு தெரியல. உடம்புக்கு முடியலன்னா உக்காந்து செய்யற வேலை தர்றாங்க. புதன்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஆபீசுக்கு வந்து கைய வெச்சிடு. வேற ஒண்ணும் வேணாம், நீ வந்தாப் போதும். உங்கள்ல யாராவது அவளப் பாத்தா, கையோட கூட்டிட்டு வந்துடுங்க."

புதன் காலை ஷெட்டில் இந்தச் செய்தியைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள், கடைசியில் சிரிப்பை நிறுத்தினார்கள். விசிலைப் பார்த்தவர் யாருமில்லை. ஏழாம் நம்பர் டிரைவரோ செய்தியின் முதல் வரியிலேயே ஸ்டோருக்கு ஓடியிருந்தார். அவருடைய கை பெரிய கை, அந்த அளவில் கையுறை எப்போதும் சீக்கிரம் தீர்ந்துவிடும். கையுறையை வாங்கி, போட்டுப் பார்த்து, நாலு பேருக்குக் காட்டிவிட்டுத் திரும்பியபோது நேரமாகியிருந்தது. வண்டியில் ஏறினார், ஒலிபெருக்கியைப் போட்டார், போய்விட்டார். சிவப்புப் பென்டிரைவ் செருகியது செருகியபடியே இருந்தது.

அலுவலகத்தில் செய்தியக்கா நாற்காலியில் உட்காருவதற்குள் மகளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, நீ எங்க இருக்க?"

"ஆபீஸ்லதான். ஏன்?"

"இல்ல, நம்ம தெருவுலயும் பேசிட்டு இருக்கியே, அதான் கேட்டேன்."

ஒரு நிமிடம் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. போனின் அந்தப் பக்கத்திலிருந்து அவளுடைய குரலே பாத்திரம் கழுவுவதைப் பற்றி ஊருக்கு அறிவுரை சொல்லிக்கொண்டு நகர்ந்து போனது. டிரைவருக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது யாரும் போனைத் தொடக் கூடாது என்று போன வாரச் செய்தியில் மிரட்டியிருந்தது அவளேதான். மனுஷன் சொன்ன பேச்சைக் கேட்கிறவர்.

அவர் காதிலாவது விழுந்திருக்கக் கூடாதா? விழாது. அந்தக் குப்பைப் பாட்டை வருஷக்கணக்காகக் கேட்டு நொந்து, இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் அவர் ஓட்டுவார். வண்டியின் பின்னால் நிற்கிற குப்பை ஏற்றுகிற கூலிக்காரர் முழுதும் கேட்டார். "ஊரே கேக்கட்டும்னு மேலிடத்து உத்தரவு போலன்னு நெனச்சேன்க்கா" என்று பிற்பாடு சொன்னார். அவரை என்ன செய்ய முடியும்?

ஏழாம் நம்பர் வண்டியின் பாதை அதிகாரிகள் குடியிருப்பில் தொடங்கும். முதல் வீடு ஆணையர் வீடு. அவர் இந்த ஊருக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை; சின்ன வயது, கறாரான பெண். அந்த ஆப் அவருடைய செல்லப்பிள்ளை.

அன்றைக்கு நகராட்சித் தொலைபேசிக்கு ஓய்வே இல்லை. கண் பரிசோதனை எல்லோருக்குமா, ஊழியர்களுக்கு மட்டுமா என்று கேட்டார் ஒரு பெரியவர். எங்கள் வீட்டு இன்டர்நெட்டும் இப்படித்தான் பாஸ்வேர்ட் கேட்கிறது, ஆள் அனுப்புவீர்களா என்றார் இன்னொருவர். கையுறையைப் பாத்திரம் கழுவக் கொண்டுபோனது யார் என்று தெரிந்துகொள்ளவே மூன்று பேர் கூப்பிட்டார்கள். செய்தியக்கா ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டு போனாள். அப்புறம் ஒரு போன் வந்தது.

"விசில் அக்கா கெடச்சுட்டாங்களாம்மா?" என்றது ஒரு பெண் குரல். "எங்க தெருவுக்கு அவங்கதான் வருவாங்க. என் பையன் நடக்கப் பழகினதே அவங்க விசில் சத்தத்துக்கு ஓடி ஓடித்தான்."

செய்தியக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்த போன் ஒரு மருந்துக்கடைக்காரர்; சில வாரங்களுக்கு முன்னால் இருமல் மருந்து வாங்க வந்தாள், சந்தைக்குப் பின்பக்கம் நடந்து போனாள் என்றார். பஸ் கண்டக்டர் ஒருவர் வேறு திசையைச் சொன்னார். பள்ளிக்கூட ஆயா ஒருத்தி, தான் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லி வைத்தாள். செய்தியக்கா தன்னந்தனியாக அலைந்து ஒன்றும் கிடைக்காத இடத்தில், இப்போது ஊரே தேடிக்கொண்டிருந்தது. பயமும் சந்தோஷமும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ள, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றாள் அவள். மணி இரண்டு தாண்டியிருந்தது. ஆணையர் அறையிலிருந்து அழைப்பு வந்தது.

ஆணையர் உட்காரச் சொல்லவில்லை.

"உங்க செய்தி என் வாசல்ல மூணு தடவை ஓடிச்சு. ஆப் பத்திச் சொன்னதை என் அம்மாவே மனப்பாடமா சொல்றாங்க."

"தப்புதாங்க மேடம். டிரைவர் மேல தப்பில்ல. பேசினது நான்."

"ஆப்பைக் கிண்டல் பண்ணினதை விடுங்க. ஒருத்தருக்கு உடம்பு முடியல, வேலை போகப் போகுதுன்னு தெருத் தெருவா சொல்லலாமா? அந்தம்மாவுக்கு அது ஊருக்குத் தெரியணும்னு விருப்பமா? கேட்டீங்களா?"

கிண்டலுக்குத் திட்டுவார் என்றுதான் செய்தியக்கா பதில் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தாள். இப்போது விசிலின் முகம்தான் கண்முன் வந்தது. மானஸ்தி விசில். மூச்சு வாங்குவது தெரியக் கூடாதென்று சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துப் பேசுகிறவள். அவள் அதைத் தன் தங்கை வாசலில் கேட்டிருந்தால், அக்கம்பக்கமெல்லாம் எட்டிப் பார்த்திருந்தால், வருவதாக இருந்தவள்கூட வரமாட்டாளே.

"கேக்கலைங்க மேடம். கேக்கறதுக்கு அவ கெடைக்கல."

"அந்தம்மாவுக்கு ஆப்ல மூணு தடவை தகவல் போயிருக்கு. போய்ச் சேர்ந்ததுன்னு காட்டுது."

"எந்தப் போனுக்குப் போச்சோங்க மேடம். அவகிட்ட போன் இருந்தா நான் ஏன் போர்வைக்குள்ள உக்காந்து கத்தப் போறேன்?"

ஆணையர் ஒரு கணம் தன் கணினித் திரையைப் பார்த்தார். "அஞ்சு மணிக்கு அது தானா மூடிக்கும். என்னாலயும் திறக்க முடியாது, அப்படித்தான் செஞ்சிருக்காங்க. உங்க விஷயம் நாளைக்கு. மெமோ வரும்" என்றார். அவர் குரலில் கோபம் குறைந்திருந்ததா என்று யோசிக்கிற நிலையில் செய்தியக்கா இல்லை.

கீழே வந்து வாசல் படியில் நின்றுகொண்டாள். நான்கு மணி ஆயிற்று. ஏழாம் நம்பர் டிரைவர் காதில் பஞ்சில்லாமல், முகம் செத்துப்போய், பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, என்னை நாலு அறை அறைஞ்சுடுங்க."

"கையுறை சரியா இருக்கா?"

"இருக்குக்கா."

"அப்ப சும்மா நில்லுங்க."

இருவரும் தெருவைப் பார்த்தபடி நின்றார்கள். நாலரை தாண்டியபோது தெருக்கோடியில் ஏதோ கூச்சல் கேட்டது. தண்ணீர் கேன் போடுகிறவரின் மூன்று சக்கர வண்டி ஒன்று, பத்திருபது பேர் சூழ, தள்ளாட்டம் போட்டுக்கொண்டு வந்தது. கேன்களுக்கு நடுவில், ஒரு கேனை அணைத்துப் பிடித்துக்கொண்டு, மெலிந்துபோய் உட்கார்ந்திருந்தாள் விசில். அவள் தங்கை பின்னால் ஓடிவந்தாள்.

நடந்தது இதுதான். தங்கை வீட்டுக்குள் படுத்திருந்தவள் காலையில் வண்டிச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். யோசித்து யோசித்து, மதியத்துக்கு மேல் தங்கையைக் கூட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்திருக்கிறாள். சுவருக்குச் சுவர் நின்று மூச்சு வாங்கி வந்தவளைச் சந்தை முனையில் காய்கறிக்காரி அடையாளம் கண்டு, "விசில் அக்கா, அஞ்சு மணிக்குள்ள போகணுமாமே, இப்படி ஆடி அசைஞ்சு வர்றீங்க" என்று சத்தம் போட, மருந்துக்கடைக்காரர் வெளியே வர, தண்ணீர்க்காரர் நாலு கேனை இறக்கிவைத்து இடம் பண்ண, வழியெல்லாம் ஆட்கள் விலகி வழிவிட, இப்படியாக வந்து சேர்ந்தாள்.

செய்தியக்கா படியிறங்கி ஓடினாள். இறங்க உதவிய கையோடு, சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிட்டாள்.

"மன்னிச்சுடு விசில். உன் சமாசாரத்தை ஊர் முழுக்கப் பரப்பிட்டேன். ஷெட்டுக்குள்ள மட்டும்னுதான் பேசினேன்."

விசில் வண்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"வெக்கமாத்தான் இருந்துச்சுக்கா. கதவச் சாத்துடின்னு தங்கச்சிகிட்ட சொன்னேன். என் வேலை எப்பவோ போயிடுச்சு, யாரு நம்மள நெனைக்கப் போறான்னுதான் கெடந்தேன். வண்டி ரெண்டாவது தடவ வந்தப்பதான் முழுசாக் கேட்டேன். என்னைத் தேடறாங்கன்னு எனக்குத் தெரியாதுக்கா."

"அப்புறமா அழு. இப்ப உள்ள வா" என்றாள் செய்தியக்கா, தான் அழுதுகொண்டே.

உள்ளே கவுண்டரில் எழுத்தர் எழுந்து நின்றிருந்தார். சத்தம் கேட்டு ஆணையரும் மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தார். சுவர்க் கடிகாரத்தில் ஐந்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. அப்போதுதான் எழுத்தர் தலையைச் சொறிந்துகொண்டு ஒன்றைச் சொன்னார். "மெஷின் இவங்க விரலை எடுக்குமான்னு தெரியலக்கா. ஆதார்ல பதிஞ்சிருக்கற ரேகையோட துப்புரவுல இருக்கறவங்க விரல் ஒண்ணும் ஒத்துப்போகாது. இவங்க வேலைல இருந்த காலத்துல தினமும் தகராறு, ஒரு நாள்கூட எடுத்ததில்ல. மேஸ்திரிதான் கையெழுத்துப் போட்டு உள்ள விடுவாரு. இன்னைக்குக் கையெழுத்தெல்லாம் செல்லாது."

செய்தியக்கா மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். இத்தனை ஓட்டத்துக்குப் பிறகு ஒரு கட்டை விரலில் வந்து நின்றுவிடுமா? விசில் விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். கண்ணாடிமேல் வைத்து அழுத்தினாள்.

பச்சை விளக்கு எரிந்தது. வைத்த மாத்திரத்தில், முதல் தடவையிலேயே. திரையில் அவள் படமும் வேலை எண்ணும் வந்தன. டிரைவர் எழுத்தரைக் கட்டிப் பிடித்தார். தண்ணீர்க்காரர் கேனைத் தட்டித் தாளம் போட்டார். வாசலில் நின்றவர்கள் தெருவுக்குச் செய்தி சொல்ல ஓடினார்கள். செய்தியக்கா குதித்தே விட்டாள், அந்த வயதில், ஆணையருக்கு முன்னால்.

விசில் மட்டும் விரலை எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். விளக்குமாறு பிடிக்காத இந்த மாதங்களில், தேய்ந்து வழுவழுவென்று கிடந்த விரலில் கோடுகள் திரும்ப முளைத்திருந்தன.

"பெருக்கினப்பல்லாம் நான் யாருன்னே இதுக்குத் தெரியல" என்றாள். "சும்மா படுத்திருந்தப்புறம் தெரியுது."

எழுத்தர் சிரித்தார், பிறகு சிரிப்பை விழுங்கிக்கொண்டார். ஆணையர் கவுண்டருக்கு உள்ளே போய் ஒரு நாற்காலியை இழுத்துவந்து விசிலுக்குப் பின்னால் போட்டார்.

"உக்காருங்கம்மா" என்றார்.